ஒரு மீனுக்கு ஒரு வளையல்

1956-ஆம் வருஷம், மாங்காய் சீசன் நடுவில், இனி மாங்காய்க் கமிஷன் எனக்கு வேண்டாம் என்று தீர்மானித்தேன். என் மூளைக்குக் கிருஷ்ணகிரி போதவில்லை. மதராஸ் கடலில் பிடிக்கிற கலர் மீன்களைப் பெங்களூர் பங்களாக்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிறார்களாம். ஒன்றுக்குப் பத்து ரூபாய்கூடத் தருகிறார்களாம். பஸ் கண்டக்டர் கங்கப்பன் சொன்னான். வழியில் உட்கார்ந்திருக்கும் நான் கைமாற்றிவிட்டால் போதும். முதலுக்கு, என் மனைவி சம்பங்கியின் கையில் இரண்டு தங்க வளையல்கள் சும்மாதானே கிடந்தன.

அவள் மறுக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு மீனு கொண்டாந்து வையுங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் உசுரோட இருந்துச்சுன்னா வளையலக் கழட்டித் தர்றேன்."

நான் என்ன ஏமாளியா? ஐந்து மீன் வரவழைத்தேன். ஐந்தும் ஒரே மஞ்சள், ஒரே கறுப்புக் கோடு. ஒன்றைக் கடல் தண்ணீரோடு மிட்டாய் ஜாடியில் விட்டுக் கூடத்தில் வைத்தேன். மற்ற நாலையும் அவை வந்த டின்னோடு, மாம்பழம் பழுக்கப் போட்டிருந்த அறையில் வைக்கோலுக்கடியில் ஒளித்தேன்.

திங்கட்கிழமை வந்த மீன் செவ்வாய் காலை மல்லாந்தது. அவள் எழுந்து வருவதற்குள் வேறொன்றை மாற்றிவிட்டேன். புதன், வியாழன், வெள்ளியும் அதே கதைதான். செத்தவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. வளையலை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு ஜாடியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது. இது அஞ்சாவதுங்களா?"

ஒன்றைத்தானே வாங்கினேன் என்று சாதித்தேன்.

"வைக்கோலப் பெரட்டி தெனமும் அழுகல் பழம் பொறுக்கறது யாருங்க? நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். இன்னிக்கு டின்னு காலி."

பதினெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை. எனக்குத்தான் ஞாபகம் வரவில்லை. விடுவேனா? செத்த மீனின் விலையையும் பிழைத்த மீனின் தலையில் கட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் நுட்பமே என்று விளக்கினேன்.

"நூறு மாங்காயில பத்து அழுகுனாலே தலையில கைய வெச்சுக்குவீங்க. இங்க ஒண்ணு நீந்தறதுக்கு நாலு சாவுது. வெலயப் பங்களாக்காரன் குடுத்துருவான். பாவத்த யாரு தலையில கட்டுவீங்க?"

ஜாடிக்குள் இருந்த மீனைப் போலவே நானும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அந்த மீனும் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது.

வளையல் ஒன்று கழன்றது உண்மை. அவள் அண்ணன் பெருமாள் அதை வாங்கிக்கொண்டு போய், பாரூரிலிருந்து ஒரு கறவை எருமையை ஓட்டி வந்தான். அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்காம். இதற்கு ஒன்று ஆகிவிட்டால், மாற்றிக் கட்ட இன்னொரு எருமையை நான் எந்த வைக்கோலுக்கடியில் ஒளிப்பது?