வரி போட்ட பச்சோந்தி

ஒரு காட்டில் ஒரு பச்சோந்தி இருந்தது. கதை இதற்கு மேல் ஓர் அடி நகருமுன் ஒரு பெரும்பிழையைத் திருத்தியாக வேண்டும். பச்சோந்தி இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். தவறு. அது பெரும்பாலும் மனத்துக்குத் தக்கபடிதான் மாறும். கோபம் வந்தால் ஒரு நிறம், காதல் வந்தால் ஒன்று, குளிர் அடித்தால் இன்னொன்று. உள்ளே இருப்பதை மறைக்கத் தெரியாத அப்பிராணி அது. கட்சி மாறியவர்களை மேடையில் பச்சோந்தி என்று ஏசுகிறவர்கள் பச்சோந்தியிடம் மன்னிப்புக் கேட்பதே முறை.

நம் பச்சோந்தியின் பெயர் மரகதம். வேங்கையார் நற்பணி மன்றத்தின் புளியமரக் கிளைத் தலைவி. வேங்கையார் என்பவர் அந்தக் காட்டின் உச்ச நட்சத்திரமான புலி. அவர் முகம் பாறைத்திரையில் தெரிந்ததும் மரகதத்தின் உடம்பு பொன்னிறமாகி, கறுப்பு வரிகள் தாமாக ஓடிவிடும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. தடுக்கவும் முடியாது.

வேங்கையார் நடித்த 'அக்கரைப் புலி' படத்தின் கடைசிக் காட்சியில் அவர் பள்ளத்தாக்கைத் தாண்டப் பாய்வார். நான்கு காலும் அந்தரத்தில் இருக்கும்போது படம் உறைந்து, 'மீதி அடுத்த பாகத்தில்' என்று எழுத்து விழும். அடுத்த பாகம் வரவில்லை. மழைக்காலங்கள் போயின. அன்று படம் பார்த்த முயல்கள் பேரன் பேத்தி எடுத்து, அந்தப் பேரன் பேத்திகளும் புலி இறங்கிற்றா என்று கேட்க ஆரம்பித்தன. மரகதத்துக்குச் சோறு இறங்கவில்லை. தலைவர் அங்கே தொங்கிக்கொண்டிருக்க, நான் இங்கே பூச்சி தின்கிறேனே என்று புலம்பினாள்.

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குரங்கு சொக்கி ஒருநாள் சொன்னாள்: "அக்கா, வரிதான் உனக்கே வருதே. நீயே குதிச்சு அவரை இறக்கி விட்டுடேன்."

சொக்கியிடம் சுற்றுலாக்காரர் ஒருவரிடமிருந்து பெற்ற செல்போன் இருந்தது. பெற்ற விதம் கதைக்குத் தேவையில்லை. எருமைக் குளம்பு பதிந்த குழி ஒன்று பள்ளத்தாக்கு ஆயிற்று. உறுமலைத் தவளைகள் ஏற்றுக்கொண்டன. மரகதம் தலைவரை நினைத்தாள், வரி வந்தது, பாய்ந்தாள்.

அக்கரையில் இறங்கியதும் புலி யாரை அடிக்க வேண்டும் என்று சொக்கி கேட்டாள். யாரையும் வேண்டாம் என்றாள் மரகதம். இத்தனை நாள் அந்தரத்தில் நின்றவருக்குத் தாகம் எடுக்காதா? எனவே அவள் கதையில் புலி இறங்கியது, சுற்றுமுற்றும் பார்த்தது, தண்ணீர் குடித்தது. அவ்வளவுதான் படம்.

இந்த இடத்தில் மன்றத்தார் ஒரு தவறு செய்தார்கள். திருடர்கள் இதைச் செய்யமாட்டார்கள், ரசிகர்கள்தான் செய்வார்கள். 'அக்கரைப் புலி'யைத் தயாரித்த ஆழ்மடு பிக்சர்ஸ் அதிபரான முதலையாருக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை வைத்து, அவரையே குத்துவிளக்கேற்ற அழைத்தார்கள். படத்தின் தொடக்கத்திலும், 'புலி, வரி, பாய்ச்சல் அனைத்தும் முதலையாருக்கே சொந்தம், நாங்கள் வெறும் ரசிகர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அப்படிப் போட்டுவிட்டால் வழக்கு வராது என்று நாட்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு.

முதலையார் வந்தார். ஆளுயர மாலையைப் போட்டுக்கொண்டார். புலி தண்ணீர் குடித்த இடத்தில் அழுதார். முதலைக் கண்ணீர் என்று யாரும் நினைக்க வேண்டாம், மனமாரத்தான் அழுதார். கட்டணம் வாங்காமல் காட்டியதற்காக மரகதத்தைப் பாராட்டினார். மறுநாள் நோட்டீஸ் வந்தது.

நீதிபதி ஓர் எருமை. வாதங்களை முதலில் அப்படியே விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோட்டுத் தீர்ப்புச் சொல்பவர். முதலையார் தம் தரப்புச் சாட்சியமாகக் காட்டியது, படத்தின் தொடக்கத்தில் இருந்த அந்தக் கொட்டை எழுத்து வாசகம் ஒன்றைத்தான். அதைவிட நல்ல ஒப்புதல் வாக்குமூலம் அந்த நீதிமன்றத்துக்கு அதுவரை வந்ததில்லை.

நீதிபதி மரகதத்தைப் பார்த்தார். "இந்த வரி உன் உடம்பில் எப்படி வந்தது?"

"சந்தோஷம் வந்தா அதுவா வந்துடுங்க ஐயா."

"யாரைக் கேட்டு?"

வேங்கையார் சாட்சிக்கு அழைக்கப்பட்டார். அவர் கழுத்திலிருந்து வால் நுனி வரை ஜமுக்காளம் போர்த்திக்கொண்டு வந்தார். ஒப்பந்தப்படி தம் வரி, உறுமல், பாய்ச்சல் மூன்றும் கம்பெனிக்குச் சொந்தமென்றும், படப்பிடிப்பு இல்லாத நாளில் அவற்றை வெளியே எடுக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டுமென்றும் அடங்கிய குரலில் சொன்னார். மைத்துனன் கல்யாணத்துக்கும் ஜமுக்காளத்தோடுதான் போனாராம்.

கூண்டைவிட்டு இறங்கும்போது அவர் மரகதத்தின் பக்கம் லேசாகக் குனிந்தார்.

"ஏம்மா, நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேனா?"

"சேர்ந்துட்டீங்க தலைவரே. தண்ணிகூடக் குடிச்சீங்க."

வேங்கையார் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் உதட்டை ஒருமுறை நனைத்தார். அதைப் பார்த்த மரகதத்துக்கு மூக்கு முதல் வால் வரை, பளிச்சென்று, வரி ஓடிவிட்டது.

"கனம் நீதிபதி அவர்களே, உங்கள் கண்ணெதிரே மறுபடியும்" என்றார் முதலையார்.

எருமை நெடுநேரம் அசைபோட்டது. வரி மகிழ்ச்சியால் வருகிறது என்று பிரதிவாதியே சொல்வதால், குற்றத்தின் மூலம் மகிழ்ச்சிதான் என்பது தெளிவு. மகிழ்வதைச் சட்டம் தடை செய்யவில்லை; அது வெளியே தெரிவதைத்தான் தடை செய்கிறது. எனவே படத்தை அழிக்க வேண்டும். வேங்கையார் தெரியும் திசையில் பிரதிவாதி எப்போது இருந்தாலும் போர்த்திக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் தீர்ப்பு.

அடுத்த பொங்கலுக்கு 'அக்கரைப் புலி' இரண்டாம் பாகம் வந்தது. புலி இறங்கியது, சுற்றுமுற்றும் பார்த்தது, தண்ணீர் குடித்தது. காடே அழுதது. கதை, திரைக்கதை என்ற இடத்தில் முதலையார் பெயர் இருந்தது.

மரகதம் முதல் நாள் முதல் காட்சிக்கே போயிருந்தாள். முன்வரிசையில், தீர்ப்பின்படி, கோணிப்பைக்குள் உட்கார்ந்திருந்தாள். புலி தண்ணீரில் வாய் வைத்தபோது, கோணியில் பொன்னிறம் கசிந்த ஓர் ஓட்டையைக் காவலுக்கு நின்ற கீரி வந்து இலை வைத்து அடைத்தது.

நீதி: ஒருவரை நேசிக்குமுன் அவருடைய உரிமையாளரிடம் அனுமதி கேள், கிடைக்கும்வரை நல்ல கோணியாகப் பார்த்து வைத்துக்கொள்.