இரண்டு விரற்கடை மூக்கு

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்குள் வரும் அச்சடித்த காகிதம் எதுவானாலும், மருந்துச் சீட்டோ குக்கர் பெட்டிக்குள் கிடந்த எச்சரிக்கைத் தாளோ, நான் படித்து "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகுதான் அப்பா மூச்சு விடுவார். அவர் தையல்காரர். எனக்கு வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே அக்காவின் நாயை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நாயின் பெயர் மேனேஜர். தட்டை முகம், தொங்கும் கன்னம், எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்லப்போவது போன்ற பார்வை. அக்கா வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுப் போனாள். தினமும் வீடியோவில் கூப்பிட்டு எங்களோடு இரண்டு நிமிடமும் மேனேஜரோடு இருபது நிமிடமும் பேசுவாள். இப்போது நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் நாயோடு சேர்ந்து நாங்களும்.

"நீ படிச்சவன். எந்த ஃபிளைட் நல்லதுன்னு பார்த்துச் சொல்லு," என்றாள் அக்கா.

ஐந்து நிறுவனங்களின் விதிகளை ஒப்பிட்டேன். ஒன்றில் நாய் என்பது பெட்டி. இன்னொன்றில் சரக்கு. மூன்றாவதில் "உடன் வருபவர்", ஆனால் பயணி அல்ல. கூண்டுக்குள் நாய் நிமிர்ந்து நிற்கவும், முழுதாகத் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தே தீர வேண்டும் என்பதில் மட்டும் ஐந்தும் கறாராக இருந்தன. பயணிகளுக்கு அப்படி ஒரு விதி உண்டா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

சிக்கல் மூக்கில் வந்தது. குட்டை மூக்கு நாய்களுக்கு விமானத்தில் மூச்சுத் திணறுமாம். எனவே "குட்டை மூக்கு எனில் அனுமதி மறுக்கப்படலாம்." எவ்வளவு குட்டை என்று யாரும் எழுதவில்லை. போன் செய்தேன்.

"மேடம், குட்டைன்னா எவ்வளவு?"

"நீளமா இல்லைன்னா குட்டை சார்."

"நீளம்னா?"

"குட்டையா இருக்கக் கூடாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அழகாக ஓர் அட்டவணை தயாரித்தேன். மூக்குக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. காலியாக விட்டால் மார்க் போய்விடும் என்று பயந்து பயந்தே படித்து வந்தவன் நான். யோசித்து எழுதினேன்: "நாசியின் நீளம் இரண்டு விரற்கடைக்குக் குறைவாக இருப்பின் பயணம் அனுமதிக்கப்பட மாட்டாது." மேனேஜரின் மூக்கை நான் அளக்கவில்லை. அளந்துவிட்டு எழுதினால் அது நடுநிலை ஆகாது. கீழே பொடி எழுத்தில் "இது என் ஊகம்" என்றும் சேர்த்தேன். பிறகு, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று இணையத்தில் போட்டேன்.

ஊரே பகிர்ந்தது. பொடி எழுத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்தது.

பத்து நாள் கழித்து மேனேஜரோடு அந்த ஐந்தில் ஒரு விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி இழுப்பறையைத் திறந்து, லேமினேட் செய்த தாள் ஒன்றை எடுத்தார். என் அட்டவணை. குனிந்து மேனேஜரின் மூக்கருகே தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணரைதான் இருக்கு தம்பி. விதிப்படி ரெண்டு வேணும்."

"சார், அந்த விதியை எழுதினதே நான்தான். சும்மா ஊகம் சார்!"

"இவ்வளவு தெளிவா எழுதினவர் சும்மா எழுதியிருக்க மாட்டார் தம்பி. இது தெரியாம நாங்களே எத்தனை வருஷம் கஷ்டப்பட்டோம் தெரியுமா?"

போனைத் திறந்து ஆதாரம் காட்டினேன். அவர் எழுந்து நின்றார். கை கொடுத்தார். உள்ளே ஓடி மேலதிகாரியை அழைத்து வந்தார். அரை மணி நேரத்தில் எனக்குச் "செல்லப்பிராணிகள் விதிமுறை அலுவலர்" வேலை கிடைத்தது. மேனேஜருக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை.

"விதியை மாத்தற அதிகாரம் இனி உங்களுக்குத்தான். வேலையில சேர்ந்து மாத்திக்கங்க," என்றார் மேலதிகாரி.

அம்மா ஆனந்தத்தில் அழுதாள். அக்கா வீடியோவில் மேனேஜரிடம், "உன் மாமா ஆபீசர் ஆயிட்டார்டா!" என்றாள்.

மறுநாள் பேனாவோடு உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. என் வீட்டு நாய் காத்திருக்கும்போது நான் விதியைத் தளர்த்தினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, சேர்ந்த அன்றைக்கே கெட்டுப்போனான் என்று பேச மாட்டார்களா? என்மேல் துளிச் சந்தேகமும் வரக்கூடாது என்பதற்காக, இரண்டை மூன்றாக்கினேன்.

மாதக் கடைசி நாளில் அப்பா மேனேஜரோடு என் கவுண்டர் வரிசையில் வந்து நின்றார். கையில் போன். போனில் அக்கா.

"விண்ணப்பதாரர் பெயர்?"

"டேய், நான்டா."

"தெரியுதுப்பா. ஆனா கேக்கணும். மூக்கு மூணு விரற்கடை இருக்கணும்ப்பா."

"யாரு விரல்? உன்னுது பேனா பிடிச்ச விரல். என்னுது கத்திரி பிடிச்ச விரல். இப்படி விரலை வெச்சுத் தைச்சா ஒரு சட்டை தேறுமா? நாடா வெச்சு அளடா."

"விதியில நாடா இல்லப்பா."

"விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

போனுக்குள்ளிருந்து அக்கா பேசினாள். "தம்பி, இங்க எனக்குன்னு பேசறதுக்கு ஒரு ஆள் இல்லடா. அது வந்துடும்னுதான் நாளை எண்ணிட்டு இருக்கேன்."

அப்பாவின் விண்ணப்பத்தை இழுத்து வைத்தேன். அதன்மேல் "மறுக்கப்பட்டது" முத்திரையைக் குத்தினேன்.

அப்பா தாளை வாங்கி, மை காய ஊதினார். "சரி, சாயங்காலத்துக்குள்ள வேற வீடு பார்க்கணும்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போனார்.

வரிசையில் கைதட்டல் எழுந்தது.

"பெத்த அப்பனுக்கே முடியாதுன்னுட்டார்யா!"

"இப்படி நாலு ஆபீசர் இருந்தா போதும், எல்லாம் சரியாயிடும்!"

ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓயும்வரை தலைகுனிந்து காத்திருந்தேன். பிறகு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவரை அழைத்து, கூடையைத் திறக்கச் சொன்னேன். உள்ளிருந்து, மூக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாத ஒரு குட்டி என்னைப் பார்த்து வாலாட்டியது.