என் நெஞ்சுக்குள் உங்கள் மகன் போட்ட பாதை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே உங்கள் சம்பந்தியம்மாள், என் மகள், உங்கள் மகன், நம் பேத்தி எல்லோரும் சுகம். நான் சுகமா இல்லையா என்பதை நாளைக் காலை சொல்வதாக டாக்டர் அம்மா வாக்குக் கொடுத்திருப்பதால் அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் மடங்குகிறதா, வீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல் குறைந்ததா என்று தெரிந்தால் சந்தோஷப்படுவேன்.

விஷயம் இதுதான். சாதாரண இருமல் என்றுதான் போனேன். படம் எடுத்தவர்கள் வலது நுரையீரலின் கோடியில் ஒரு புள்ளி இருக்கிறது என்றார்கள். நல்ல புள்ளியா, கெட்ட புள்ளியா என்று கேட்டேன். "கிள்ளிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர் அம்மா. கெட்டதாக இருந்தால் அது என்ன வியாதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று உங்கள் சம்பந்தியம்மாள் சட்டம் போட்டிருக்கிறாள். வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு, மூச்சு போகிற வழியிலேயே போய், அந்தப் புள்ளியில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். ஆனால் பாருங்கள், மூச்சுக்குழாய் உள்ளே போகப் போக இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போகிறதாம். எந்த முனையிலும் பெயர்ப்பலகை கிடையாது. அதனால் முதலில் ஸ்கேன் எடுத்து, அதிலிருந்து என் நுரையீரலுக்கென்றே ஒரு பாதைப் படம் தயாரிக்க வேண்டும். அதைத் தயாரிப்பவர் யார் என்று கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகன். "பையனுக்கு ஸ்கேன் செக்‌ஷன்ல வேலை" என்று கல்யாணம் பேசும்போது சொன்னீர்கள். நான் ஏதோ பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுக்கிறார் என்று நினைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். மாப்பிள்ளை தயங்கினார். "உங்களுதுன்னா எனக்குப் பதட்டமாயிடும் மாமா, வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன்" என்றார். "வீட்டுல ஆள் இருக்க வெளியாள் எதுக்கு? நீங்களே போடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

முதல் ஸ்கேனிலேயே வந்தது வினை. படுக்க வைத்து, வளையத்துக்குள் தள்ளி, மூச்சை இழுத்து அடக்கச் சொன்னார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது. நானும் மரக்கட்டை மாதிரி கிடந்தேன். உங்கள் சம்பந்தியம்மாள் வெளியே நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில், மெஷினை இயக்கும் தம்பி மனசு இளகி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் அருகிலேயே நிற்க விட்டிருக்கிறார். அங்கே ஒரு மைக் இருக்கிறது. அது மைக் என்று இவளுக்குத் தெரியாது. அதன் பொத்தான்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். "கிளம்பும்போது கேஸை மூடினீங்களா?" என்று என் தலைக்கு மேலே குரல் கேட்டது. கல்யாணமான நாள் முதல் அவள் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் வீட்டில் அனுபவம் உண்டு. "மூடிட்டேன், மெயின் வால்வும் மூடிட்டேன்" என்றேன்.

அன்று மாலை மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, ஸ்கேன் ஓடும்போது என்ன செஞ்சீங்க? உங்க மூச்சுக்குழாய் நடுவழில ஒடிஞ்சு, கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பிக்குது."

"பதில் சொன்னேன் மாப்பிள்ளை."

"யாருக்கு?"

"உங்க அத்தைக்கு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொன்னார். பிறகு அந்த செக்‌ஷனே சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது ஸ்கேன் எடுக்கும்போது உங்கள் சம்பந்தியம்மாளைக் கேன்டீனுக்கு அனுப்பிவைத்தோம்.

படம் தயாரானதும் மாப்பிள்ளை லேப்டாப்பில் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்துக் காட்டினார். தலைகீழாக நட்ட மரம் போல என் மூச்சுக்குழாய், கிளைக்கு ஒரு நிறம். "ஸ்கேன்ல காத்து இருக்கற இடம் கறுப்பாத் தெரியும் மாமா. கம்ப்யூட்டர் அந்தக் கறுப்பைப் பிடிச்சுக்கிட்டே நிறம் தீட்டிக்கிட்டுப் போகும். ஆனா சுவர் மெல்லிசா இருக்கற இடத்துல நிறம் பிச்சுக்கிட்டு வெளிய கொட்டிடும். அதை ஒண்ணொண்ணா நான் வெட்டி விடணும்" என்றார். ஒன்றுகூட விடாமல் வெட்டியிருக்கிறார் என்பது அவர் கண் சிவந்திருந்ததிலேயே தெரிந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது சம்பந்தி. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க மாட்டான்.

தொண்டையிலிருந்து புள்ளி வரைக்கும் மஞ்சள் கோடு ஒன்று இழுத்திருந்தார். மவுஸைப் பிடித்து அந்தக் கோட்டிலேயே போனால் குழாய்க்குள் பயணம் போகிற மாதிரியே தெரிகிறது. டாக்டர் அம்மாவும் இப்படித்தான் போட்டு ஒத்திகை பார்ப்பாராம். உங்கள் சம்பந்தியம்மாள் மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். "டிரைவிங் ஸ்கூல் வெச்சு ஊருக்கெல்லாம் கத்துக் குடுத்தீங்க, என்னை மட்டும் ஸ்டியரிங்கைத் தொட விடல. இப்ப பாருங்க, உங்க நெஞ்சுக்குள்ளயே ஓட்டறேன்" என்று கிளம்பினாள். வேகத்தைக் குறை, வளைவு வருது என்று நான் கத்தக் கத்தச் சுவரில் முட்டினாள். "அத்தை, அந்தப் பக்கம் போகாதீங்க, அது இதயத்தை ஒட்டின வழி" என்றார் மாப்பிள்ளை. "அங்கெல்லாம் எனக்கு வழி தெரியும்ப்பா" என்றாள். பேத்தி முன்னால் இப்படிப் பேசுகிறாள்.

நேற்று நிஜமான பயணம் நடந்தது. தொண்டையில் கசப்பாக எதையோ அடித்து மரக்க வைத்தார்கள். ஊசி போட்டதில் பாதி மயக்கம். டாக்டர் அம்மா குழாயைப் பிடித்திருக்க, பக்கத்துத் திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டு மாப்பிள்ளை வழி சொன்னார். "அடுத்த பிரிவுல வலது, டாக்டர்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவுதான், ஆயுசு முழுக்கப் பழகின கை சும்மா இருக்குமா, வலது கையை நேராக வெளியே நீட்டிவிட்டேன். நர்ஸ் பதறிப்போய், "பேஷன்ட்டுக்கு என்னமோ பண்ணுது, நிறுத்துங்க" என்றார். டாக்டர் அம்மா அப்படியே நின்றுவிட்டார். அப்போது உங்கள் மகன் நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணுமில்ல டாக்டர், மாமா சிக்னல் காட்டறார். நீங்க திரும்புங்க."

துணுக்கு எடுத்தாகிவிட்டது. மஞ்சள் கோடு முடிந்த இடத்திலேயே புள்ளி இருந்ததாம். நாளை முடிவு. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இந்த வரியை அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் விட்டுவைக்கிறேன். உண்மையில் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போகும்போது திரும்பிக் கையாட்டினாள், அப்போதிலிருந்து இப்படித்தான். ஆகவே, நாளை எப்படி விடிந்தாலும் நமக்குள் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது என்று சில விஷயங்களை விட்டுக்கொடுக்கிறேன். பேத்தியின் மூக்கு உங்கள் மூக்குத்தான். இந்த விடுமுறை முழுவதும் அவள் உங்களோடு இருக்கட்டும். போன தடவை கேரம் ஆடும்போது சிவப்புக் காய் தானாகத்தான் குழியில் விழுந்தது, உங்கள் முழங்கை படவில்லை. மாப்பிள்ளையின் பிடிவாதம் எங்கள் வீட்டுச் சகவாசத்தால் வந்தது என்று வீட்டில் அம்மா சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

உங்கள் குடும்பம் தழைக்கவும், இரண்டு முழங்கால்களும் சொன்ன பேச்சைக் கேட்கவும் மனமார வாழ்த்தும்,

அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளது எதுவும் செல்லாது. மறுநாள் காலை இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தார். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சரி, கதை முடிந்தது என்று நான் அலமாரிச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "ஒண்ணுமில்ல மாமா, வெறும் பழைய தழும்பு, என்னிக்கோ வந்த சளி ஆறின வடு" என்றார். "அதுக்கு ஏம்ப்பா அழறீங்க?" என்று கேட்ட உங்கள் சம்பந்தியம்மாளும் அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. எனவே, பேத்தியின் மூக்கு என் மூக்கு. விடுமுறையில் பாதிக்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டேன். சிவப்புக் காயை உங்கள் முழங்கைதான் தள்ளியது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிடிவாதம் அப்படியே வீட்டில் அம்மாவுடையது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேரில் கிளம்பி வாருங்கள். எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதாம். அவசரமில்லாமல் சண்டை போடலாம்.