தொமாசாவுக்குக் குளிர்க்கவசம் பூட்டிய படலம்

வாழி, எவரிஸ்தோ பொலோ! மக்தலேனைப் பேராறு கடலோடு கலக்கும் பர்ரங்கியா மாநகரில், தோமினோக் கட்டைகளை மேசை அதிர அறைந்து எதிரிகளைக் கதிகலங்க வைக்கும் தடந்தோள் வீரனே, காலை எட்டுக்கு முன் கண்விழித்தறியாத துயில்வல்லோனே, நின் புகழ் பாடத் துணை வருக கடற்காற்று! டிசம்பர் வரை வருவதில்லை என்று சபதம் எடுத்துவிட்ட காற்றே, இந்த ஒரு கதைக்கேனும் சற்று வீசிவிட்டுப் போ.

சப்பைமூக்கி, மடிப்புக்கழுத்தி, குறட்டையால் கூரை நடுக்கும், எவரிஸ்தோ வீட்டுப் புல்டாக் நங்கை தொமாசாவுக்கு எடை கூடிவிட்டது. தினமும் நடக்காவிட்டால் இடுப்பு விழுந்துவிடும் என்றார் மருத்துவர். நடத்தினாலோ, அக்டோபர் மாலையின் வெக்கையில் இரண்டாம் தெருமுனையிலேயே நாக்குத் தள்ளி உட்கார்ந்துவிடுவாள். சென்ற வாரம் அவளைத் தோளில் சுமந்து, தோமினோத் தோழர்கள் ஆடும் மாமரத்தடியைக் கடந்த அவமானம் வீரனின் மார்பில் ஆறாப்புண்ணாய்க் கிடந்தது.

“காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கூட்டிட்டுப் போய்யா. வெயிலே இருக்காது” என்றாள் மனைவி நூரிஸ்.

“அஞ்சு மணியா? அது மனுசன் எந்திரிக்கிற நேரமாடி?” என்று முழங்கியவன், அக்கணமே நாயின் உடலைக் குளிர்விக்கும் கவசம் தேடிப் புறப்பட்டான்.

செல்லப்பிராணிக் கடையில் மூன்று கவசங்கள் அவன்முன் அணிவகுத்தன. முதலாவது, நீரில் நனைத்துப் பூட்டுவது. காயக் காயத்தான் குளிருமாம். குளித்த உடம்பே காயாத ஊரில் இதுவா காயும் என்று ஒதுக்கினான். இரண்டாவது, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளி மினுக்கு. அதை அணிந்த தொமாசா கார்னிவல் ஊர்வலத்தில் வழி தவறிய ஆட்டக்காரி போலிருந்தாள். மூன்றாவதில் இருபுறமும் பனிக்கட்டிப் பைகள் செருகும் உறைகள். அவள் மூச்சை விட்ட ஒரு நொடியில் வார் பூட்டி, இதுவே என்று இடக்கையால் மேசையை அறைந்தான்.

“இதுக்குன்னே ஐஸ் பை தனியா வருது சார், சேத்து வாங்கிக்குங்க” என்றாள் கடைக்காரப் பெண்.

“பர்ரங்கியாக்காரன்கிட்டயே ஐஸ் விக்கிறியா தாயி? எங்க தெருவுல வீட்டுக்கு வீடு ஃப்ரீசர்ல பாக்கெட் ஐஸ்தான்!”

விதி அங்கேதான் சிரித்தது. பக்கத்து வீட்டு தெல்ஃபினா விற்கும், கொரோசோப் பழச்சாற்றில் உறைந்த செக்கச்சிவந்த பாக்கெட் ஐஸ்களை உறை பிதுங்கத் திணித்து, மாலை நான்கு மணிக்கு வீதி இறங்கினான். முதல் முனை வீழ்ந்தது. இரண்டாம் முனையும் வீழ்ந்தது. மாமரத்தடி வாயடைத்தது, எவரிஸ்தோ மார்பை நிமிர்த்தினான்.

அப்போது ஒரு பாக்கெட் வெடித்தது. விலாவில் வழிந்த தித்திப்பை நக்கிப் பார்த்த தொமாசா, தன் வாழ்நாளின் நோக்கம் இதுவென்றறிந்து, தன் இடுப்பைத் தானே துரத்திச் சக்கரவியூகம் சுற்றலானாள். வாசனை பிடித்த தெருநாய்ப் படை நாற்றிசையும் திரண்டு மற்ற பாக்கெட்டுகளையும் பிளந்தது. வீரன் செருப்பைக் கழற்றிச் சுழற்றினான். அதையும் ஒரு நாய் கவ்விக்கொண்டு போயிற்று.

“யோவ் எவரிஸ்தோ! நாய நடக்கக் கூட்டிட்டு வந்தியா, நாய்ங்களுக்கு ஐஸ் வண்டி தள்ளிட்டு வந்தியா?” என்று ஆர்ப்பரித்தது மாமரத்தடி.

எடை குறைக்க வந்தவள் சர்க்கரையாய்த் தின்று மேலும் கனத்திருந்தாள். வெள்ளைச் சட்டை செந்நிறமாக, ஒற்றைச் செருப்போடு, அவளை மீண்டும் தோளேற்றி நடந்தான் எவரிஸ்தோ. அழவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவளோ நன்றியோடு அவன் காதை நக்கினாள். அன்று அந்நகரில் குளிர்ந்திருந்தது அந்த நாக்கு ஒன்றுதான். வாசலில் நின்ற நூரிஸ் தண்ணீர்க் குழாயை நீட்டினாள்.

மறுநாள் அவன் காலை ஐந்து மணிக்கு எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு போனான், வெயிலே இல்லை.