முந்நூற்று முப்பது வருடச் சண்டையும் ஒரு நீல முத்திரையும்

லண்டனுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் ராசாக்கதைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம். பிறந்தநாள் வீட்டில் கையில் ரோல்ஸ் தட்டோடு நீங்கள் எந்த மூலைக்கு ஒதுங்கினாலும் அவர் அங்கே வந்து சேருவார். வந்து, உங்கள் சுகத்தைக் கேளாமல், எண்ணூறு வருடத்துக்கு முன் செத்துப்போன இங்கிலாந்து ராசா ஒருவரின் குடும்பச் சண்டையை, நேற்றுத்தான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் போலச் சொல்லத் தொடங்குவார். தட்டு முடிந்துவிட்டது என்று நீங்கள் நழுவலாம். அவர் இரண்டு தட்டோடு திரும்பி வருவார்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் கனகலிங்கத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் நிலையத்தில் வேலை. கார் வராத நேரமெல்லாம் கவுண்டருக்குக் கீழே புத்தகத்தை வைத்து வாசித்து வாசித்து, பிளான்டாஜெனெற் என்ற வம்சத்தை அடிமுதல் நுனிவரை கரைத்துக் குடித்தவர். தொப்பியில் மஞ்சள் பூச் செருகித் திரிந்த ஒரு பிரபுவின் பரம்பரை அது. ஆண்டது முந்நூற்று முப்பது வருடம். அதில் சொந்தத்துக்குள் அடிபடாத வருடங்களை எண்ண இரண்டு கைவிரல் போதும் என்பது அவருடைய கட்சி.

"மகன்மார் தகப்பனோட சண்டை. தகப்பன் பெண்சாதியைப் பதினாறு வருசம் பூட்டி வச்சவன். பிறகு வந்த ஒருத்தன் கூடப்பிறந்த தம்பியைச் சாராயப் பீப்பாவுக்குள்ள அமத்திக் கொன்றவன் எண்டு கதை. எல்லாம் ஒரு சிம்மாசனக் கதிரைக்கு. விசர்ச் சனங்கள்" என்பார். சொல்லித் தலையை ஆட்டுவார் பாருங்கள், அந்த ராசாக்கள் கண்டிருந்தால் வெட்கப்பட்டு வாளைக் கீழே போட்டிருப்பார்கள்.

இப்படிச் சொல்லுகிறவருக்கும் ஒரு தம்பி உண்டு. ஒரே ஒரு தம்பி. பெயர் பரமேஸ்வரன், ஹரோவில் இருக்கிறார். ஆறு வருடமாகப் பேச்சில்லை. ஏன்? தம்பி புதுவீட்டுக்குக் குடிபோன அன்று, பால் காய்ச்சுகிற அடுப்பை மூட்ட அண்ணனைக் கூப்பிடாமல் மைத்துனனைக் கூப்பிட்டுவிட்டார். கதிரைக்குக்கூட இல்லை. ஒரு நெருப்புக் குச்சிக்கு.

அந்தத் தம்பியின் மகள் சுபாஜினி, லண்டனுக்கு வந்த புதிதில் நாலு வருடம் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தாள். தினமும் காலையில் பள்ளிக்கூட பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டுபோய், போகிற வழியெல்லாம் ராசாக்களின் பெயரை வரிசையாகப் பாடமாக்கிக் கொடுத்தவர் கனகலிங்கத்தார். பிள்ளை இல்லாத மனுசனுக்கு அவள்தான் பிள்ளை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஆடி பிறக்க முன்னம் அவளுக்குக் கலியாணம் என்று ஊரெல்லாம் கதை. அந்தப் பந்தலில் அவர் நிற்பாரா, மாட்டாரா? வீட்டில் மனைவி தவமலருக்கு நித்திரை இல்லாமல் போனது அதனால்தான்.

அழைப்பு வந்தது. தபாலில் வந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய உறை. மேலே நீலத் தபால் முத்திரை, அதாவது இரண்டாம் வகுப்பு, காசு குறைவு.

"கூடப்பிறந்த அண்ணனுக்கு நேரில வந்து வெத்திலை வச்சுச் சொல்ல ஏலாது. தபால். அதுவும் ரெண்டாம் கிளாஸ்."

"உடைச்சு வாசியுங்கோவனப்பா, என்ன எழுதியிருக்கெண்டு."

"மஞ்சளைப் பார்த்தாலே தெரியுது. உடைச்சால் நான் ஏத்துக்கொண்ட மாதிரி."

உறை மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போனது. லாச்சியைப் பூட்டிய திறப்பு அவருடைய சட்டைப் பைக்குள் போனது.

அடுத்த சனிக்கிழமை தவமலருக்குக் கடையில் ஷிப்ட். கனகலிங்கத்தார் தன்னோடு வேலை செய்யும் சென்னைக்காரர் சேஷாத்ரியைக் கூட்டிக்கொண்டு லண்டன் கோட்டைக்குப் போனார். உள்ளே போகும் வழக்கம் இல்லை. அகழிச் சுவரில் சாய்ந்து நின்று வெளியிலிருந்தே முழு வம்சத்தையும் நடத்தி முடிப்பார்.

"சாகக் கிடந்த ராசா, தனக்குத் துரோகம் செய்த ஆக்களின்ரை பட்டியலை வாசி எண்டானாம். முதல் பேரே அவன்ரை செல்ல மகன், கடைக்குட்டி. அதோட போதும் எண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டான்."

"ஐயோ பாவம். வாசிக்காமலே விட்டிருக்கலாம் சார்."

"அதெப்பிடி விடுறது? வந்த ஓலையை வாசிக்க வேணும் ஐசே. வாசியாமல் கெட்ட ராசாக்கள்தான் கனபேர்."

"ஆமா சார், உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது...?"

"அங்க பார், அந்த வாசலாலதான் துரோகியளைக் கொண்டு வாறது" என்றார் கனகலிங்கத்தார்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒரு தட்டத்தோடு நிற்கிறாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ். உன் தம்பியும் பெண்சாதியும் வந்தார்கள், ஒரு மணித்தியாலம் உன் வாசற்படியில் குந்தியிருந்தார்கள், அவனுக்கு அப்படியே உன் முகம் என்றாள். தவமலர் வேலையால் வந்து தட்டத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து திறப்பு வந்தது.

உறைக்குள் அழைப்பிதழோடு ஒரு துண்டுக் கடிதம், சுபாஜினியின் கையெழுத்து. 'பெரியப்பா, ஃபோன் எடுத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள் என்று அப்பாவுக்குப் பயம். வாற சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் நேரில் வந்து சொல்லுவினம். கட்டாயம் வீட்டில் நில்லுங்கோ.'

"இப்ப என்ன நினைச்சிருப்பான்? வேணுமெண்டு கதவைப் பூட்டிப்போட்டுப் போனனான் எண்டு."

"வேற என்ன நினைக்கிறது? கலியாணத்துக்கு நான் போறன். நீங்கள் இஞ்சை இருந்து மிச்ச முந்நூற்று இருபத்துநாலு வருசத்தையும் நடத்துங்கோ."

கலியாணத்தன்று காலையில், ஒருவரும் கேளாமலே, கனகலிங்கத்தார் பட்டு வேட்டியோடு வீட்டு வாசலில் நின்றார். ஹரோவில் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு பரமேஸ்வரன். இரண்டு பேருக்கும் ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே முறைப்பு. தம்பி பன்னீரைத் தெளித்தார். கொஞ்சம் இல்லை, செம்பில் பாதி. அண்ணனின் கண்ணாடி நனைந்தது.

"கண்ணாடியைத் துடையுங்கோ அண்ணை. பிள்ளை மேடையில இருந்து உங்களைத்தான் தேடுறாள்."

அவர் துடைத்தார். துடைத்து முடிய வெகு நேரம் எடுத்தது. பன்னீர்தான், வேறொன்றும் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுகிறார்.

அத்தோடு சமாதானமா? சமாதானந்தான். கலியாண வீடியோ வரும் வரைக்கும், மூன்று கிழமை. அந்தக் கசற்றில் மைத்துனன் பதினொரு தரம் முகம் காட்டுகிறான். கனகலிங்கத்தாரின் முதுகு ஒரே ஒரு தரம். "தம்பிதான் வெட்டச் சொல்லியிருப்பான்" என்று அவர் மறுபடியும் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இது உங்கள் சித்தப்பா என்றோ, மாமா என்றோ ஆளைக்கூடப் பிடித்துவிட்டீர்கள். நல்லது. எதற்கும் உங்கள் லாச்சியை ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். உடைக்காத உறை ஒன்று கிடந்தால் உடைத்து வாசியுங்கள். வாசிக்க மனம் வராவிட்டால், சனிக்கிழமைகளில் மட்டுமாவது வீட்டில் நில்லுங்கள்.