கோடை வகுப்பில் கடைசி பெஞ்சு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகையால் எழுதவில்லை.

வருஷா வருஷம் லீவுக்கு உன்னிடம் வரும் உன் மருமகளை இந்தத் தடவை அனுப்ப முடியாது. கணக்கில் பெயில். பதினெட்டு மார்க். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அரை இஞ்ச் பிசகாமல் துணி வெட்டுகிற டெய்லருக்கு இப்படி ஒரு பெண்! கோடை வகுப்புக்குப் போய்த் தேறினால்தான் ஒன்பதாம் வகுப்பாம். முதல் நாள் பெற்றோரும் வரச் சொன்னார்கள், போனேன், கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது, உட்கார்ந்ததும் முழங்கால் மாட்டிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, அதற்குள் கணக்கு டீச்சர் வந்து, "ஏன் இங்க வந்திருக்கீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். ஒரு பையன், "வீட்ல இருந்தா தம்பியப் பாத்துக்கணும் மிஸ்" என்றான். ஒருத்தி, "எங்க வீட்ல ஃபேன் ஓடல" என்றாள். இன்னொருவன் அடுத்த வருஷப் பாடத்தை இப்போதே படிக்க வந்தானாம், எல்லோரும் அவனை முறைத்தார்கள். நம் பெண் தரையைப் பார்த்தபடி, "பெயில் மிஸ்" என்றாள். அடுத்து என் முறை.

"நான் அவ அப்பா."

"அது காரணம் இல்ல சார்" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது.

அவள் அம்மா போய் ஏழு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் பெயிலாக விட்டிருப்பாளா? நான் துப்புக்கெட்டவன், அக்கா. நேற்று ஒரே பேன்ட்டுக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அவளை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தம்பி

பி.கு.: தபாலில் போடப் போகும்போது டீச்சர் கூப்பிட்டனுப்பி விடைத்தாளைக் காட்டினார். எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு, முக்கால்வாசியை அடித்திருக்கிறாள். ஒழுங்காகத் தைத்ததை வேண்டுமென்றே பிரித்தால் எனக்குத் தெரியாதா? ஏண்டி என்று கேட்டேன்.

"போக மாட்டேன்னு சொன்னா நீ விட மாட்டே. நான் அத்தை வீட்டுக்குப் போயிட்டா நீ ரெண்டு மாசம் யார்கூடப்பா பேசுவே?"

டீச்சர் காரணமில்லை என்றாரே, அதுதான் அக்கா காரணம். அவரே பாஸ் போட்டுவிட்டார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறோம், நானும்தான்.