பூஜ்யத்துக்கு இறங்கும் கோடு

கல்யாணராமன் பீரோவை மூடுவதற்குள் மதுரம் பின்னால் வந்து நின்றுவிட்டாள்.

“ஏன்னா, கதவுக்கு உள்பக்கம் என்ன ஒட்டியிருக்கேள்?”

வரைபடத்தாள். உச்சியில் y = 88 – 8x. மாசியில் தொடங்கிய கோடு சாய்ந்து இறங்கி, தையில் பூஜ்யத்தைத் தொட்டது.

திருக்காட்டுப்பள்ளியில் இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். தம்பி அச்சுதனின் அறுவடை எந்திரத்துக்காக, மதுரத்தின் இரட்டைவடச் சங்கிலியை முந்தின நாள்தான் அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்திருந்தார். வட்டியோடு எண்பத்தெட்டாயிரம். டியூஷன் பணத்தில் மாதம் எட்டாயிரம் கட்டினால் பதினோரு மாதம். அதுவரை நகைப்பெட்டியில் அதே அச்சில் ஒரு கவரிங் சங்கிலி. அடகு ரசீது அந்தத் தாளுக்குப் பின்னால்.

“சுகர்” என்றார். “மாசாமாசம் எட்டு குறையணுமாம். டாக்டர் சொன்னார்.”

“பூஜ்யத்துக்கு வந்தா மனுஷன் இருப்பானோ?”

“இது... அதிகப்படி சுகர் மட்டும்.”

மதுரம் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரமாகப் பீரோவைச் சாத்தினார்.

மறுநாள் காலை காப்பிக்குப் பதில் பாகற்காய்ச் சாறு வந்தது.

நெய் போயிற்று. முந்திரி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் டிபன் போயிற்று. ஒவ்வொரு தவணை கட்டியதும் கோட்டில் ஒரு புள்ளி வைப்பார். ஆடியில் டியூஷன் பணம் தாமதமாக, புள்ளியும் தாமதமாயிற்று.

“இன்னும் எறங்கலையே!” என்று மதுரம் பதறி, சாயங்கால டம்ளரிலும் சாற்றை ஊற்றினாள்.

“ரெண்டு வேளையுமா?”

“உங்க உசுரு எனக்கு முக்கியமில்லையா?”

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். உண்மை இதைவிடக் கசக்கும்.

ஐப்பசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று மதுரம் போனும் கையுமாக நின்றாள்.

“அண்ணா பொண்ணு ஸ்ம்ருதி கல்யாணத்தைத் தைலேர்ந்து முன்னாடி இழுத்துட்டா. மாப்பிள்ளைக்கு அப்போ லீவு இல்லையாம். வர்ற வெள்ளிக்கிழமை. குடவாசல்ல அண்ணா எல்லாரையும் கூப்பிட்டாச்சாம். இரட்டைவடத்தைப் போட்டுண்டு வரச் சொல்றார்.”

அவள் அண்ணா நகைக்கடைக்காரர். கவரிங்கைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பார், பந்தியிலேயே சொல்லியும்விடுவார்.

அன்று கல்யாணராமனுக்குத் தூக்கம் வரவில்லை. எட்டாவது மாதத்தில் y இன்னும் இருபத்திநாலு. எத்தனை முறை போட்டாலும் இருபத்திநாலுதான். கோடு பொய் சொல்லாது. அதுதான் பயமே.

காலையில் தமிழாசிரியர் மீரா உசேனிடம் இருபத்திநாலாயிரம் கைமாற்று வாங்கினார். ரசீதுக்காக வீட்டுக்கு ஓடிவந்தார். மதுரம் இல்லை. தாளைப் பிரித்தார்.

ரசீதும் இல்லை.

பசைத் தடம் மட்டும் இருந்தது. எப்படி அடகுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

“சாமிதுரை, ரசீது தொலைஞ்சுபோச்சு. மிச்சம் இருபத்திநாலு இந்தா இருக்கு. சங்கிலியை எப்படியாவது குடுத்துடுங்க.”

சாமிதுரை பணத்தைத் தொடவில்லை.

“கணக்கு முடிஞ்சுருச்சே சார். காலைலதான் அம்மா ரசீதோட வந்து வாங்கிட்டுப் போனாங்க. மொத மாசத்துலேருந்தே உங்க எட்டோட அவங்களும் மூணு மூணு கட்டிட்டு வந்தாங்கல்ல?”

“மூவாயிரமா? அவளுக்கு ஏது மாசம் மூவாயிரம்?”

சாமிதுரை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எல்லாம் நீங்க சாப்புடாத நெய்யும் முந்திரியும் காப்பியும்தான் சார்.”